முதலில் வந்தவர் யார்?

1909ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், ஐந்து நாள் இடைவெளியில், இரண்டு தந்திகள் உலகத்துச் செய்தித்தாள்களைக் கலக்கிவிட்டன. முதல் தந்தி டாக்டர் பிரடரிக் குக் என்பவர் கொடுத்தது. 1908 ஏப்ரல் 21ஆம் நாள் தாம் வடதுருவத்தை அடைந்துவிட்டதாக அதில் கண்டிருந்தது. மற்றது ராபர்ட் பியரி என்னும் கடற்படைப் பொறியாளர் கொடுத்தது. 1909 ஏப்ரல் 6ஆம் நாள் தாமே அவ்விடத்தில் கொடி நாட்டியதாக அது சாற்றிற்று. இருவரும் அமெரிக்கர். 1891இல் பியரியின் கால் எலும்பு முறிந்தபோது உடனிருந்து கட்டுக் கட்டியவரே இந்தக் குக்தான். அத்தகையோர் ஒருவரையொருவர் ஊரறியப் பழித்துக்கொண்டனர். மக்களும் இரு கட்சியாகப் பிரிந்தனர். நூறாண்டுக்கு மேல் கடந்தும் அவ்வழக்கு முற்றத் தீர்ந்தபாடில்லை.

வலியசாலையில் குடியிருக்கும் நமக்கும் வடதுருவத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். பனிக்கட்டியை மீன் கூடையிலும் சர்பத்துக் கடையிலும் கண்டதன்றி வேறெங்கும் கண்டறியாதவர்கள் நாம். ஆயினும், ‘முதலில் வந்தவர் யார்?’ என்னும் வழக்கு குளிர்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நாம் மிதித்து நடக்கும் மண்ணே வழக்கில் சிக்கிய மண். முதலாம் இராசராசன் கலமறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை எது? நம் வலியசாலையே என்பார் ஒரு சாரார். விழிஞத்தின் பக்கம் என்பார் மற்றொரு சாரார். கலம் என்பது கப்பலா, உண்கலமா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாலை வேளையில் மகாதேவர் கோயில் வாயிலில் சற்று நின்றால், இவ்வழக்கின் இரு பக்கத்தையும் காசு கொடாமல் கேட்டு வரலாம்.

ஆனால் யாம் சொல்ல வந்தது இதனினும் சிறியதொரு வழக்கு. எம் சங்கத்தின் ஆண்டு மலரில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இப்பகுதிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் வரலாற்றை வெளியிடுவதென முடிவு செய்தோம். அன்றே தொல்லை தொடங்கிற்று. சாலைக் கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்த குடும்பம் ஒன்று. பாத்திர வாணிகம் செய்த குடும்பம் ஒன்று. ‘எங்கள் பாட்டனாரே முதலில் வந்தவர்’ என்று இரண்டும் சொல்லும். கலியாணம் என்றால் ஒரு வீட்டார் மற்ற வீட்டாருக்குப் பத்திரிகை வைப்பதுண்டு. வந்தவர் சந்தனம் எடுத்துக்கொள்வார், இலையில் உட்கார மாட்டார். ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றும் உரிமை எவருடையது என்பதில் இந்தப் பூசல் ஆண்டுதோறும் தலைகாட்டும். முதல் மரியாதை என்பது நம்மவரிடையே எவ்வளவு வலிய சொல் என்பதைத் தமிழர் வீட்டில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

மலரில் பாத்திரக் கடைக் குடும்பத்தின் பெயர் முன்னால் வரப்போகிறது என்று யாரோ ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டனர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம் தமிழ் வகுப்புக்கு மளிகைக் கடை வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் வரவில்லை. வகுப்பில் இருந்தவர்களே பதினான்கு பேர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கும் அக்குழந்தைகள் தமிழ் எழுத்தைக் கண்ணால் காண்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பெரியவர்களின் மானத்துக்குக் குழந்தைகளின் எழுத்து பலியாவதை எண்ணி மிக வருந்தினோம்.

எஞ்சிய ஒன்பதின்மரில் ஒருவன் அன்று எம்மை ஒரு கேள்வி கேட்டான். “மாமா, தென்துருவத்துக்குப் போன முதல் இந்தியர் யார்? பொது அறிவுப் போட்டிக்கு வேண்டும். ஒரு புத்தகத்தில் ஒரு பேர் இருக்கிறது, இன்னொன்றில் வேறு பேர் இருக்கிறது.” இரு புத்தகங்களையும் அவன் கையோடு கொண்டு வந்திருந்தான். விடை தேடித்தான் யாம் துருவ வரலாற்றைப் புரட்டத் தலைப்பட்டோம். பின்னர் அதைவிட்டு எளிதில் மீள முடியவில்லை.

சிறுவனின் கேள்விக்கு விடை ஒன்றன்று. இந்தியக் கடற்படையின் வானிலை அலுவலர் லெப்டினன்ட் ராம்சரண் என்பவர் 1960இல் ஆஸ்திரேலியக் குழுவினருடன் பனிக்கண்டம் சென்றார் என்பதால் அவரையே முதல்வர் என்பர் சிலர். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் குழுவினருடன் சென்று, நேரே தென்துருவ நிலையத்திலேயே தங்கி ஆராய்ச்சி செய்தவர் கிரிராஜ் சிங் சிரோஹி என்னும் தாவர உடலியல் அறிஞர். அவ்வாராய்ச்சி அழகானது. உயிர்களுக்குள் பகலிரவு அறியும் ஒரு கடிகாரம் இருக்கின்றதே, அது பூமி சுழல்வதனால் ஓடுகின்றதா, தானே ஓடுகின்றதா? இதைச் சோதிக்கத் துருவத்தைவிட ஏற்ற இடம் ஏது? அங்கே ஒரு சுழல்தட்டை வைத்துப் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நாளுக்கொரு சுற்றாகச் சுழற்றினால், தட்டின்மேல் உள்ள உயிருக்குப் பூமி சுழலாமல் நிற்பதாகவே ஆகிவிடும். பழ ஈக்களையும் அவரை இனச் செடிகளையும் பிறவற்றையும் அவ்வாறு வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் நிற்கவில்லை, வழக்கம்போல் ஓடிற்று. முடிவை 1962இல் வெளியிட்டார்கள். இத்தகைய அறிஞரை, ‘முதலில் போனாரா, இரண்டாவதாகப் போனாரா’ என்ற ஒற்றைக் கேள்வியால் அளப்பது முழக்கோலால் நெல்லை அளப்பது போன்றது.

பிறகு பரம்ஜித் சிங் செஹ்ரா. 1971 முதல் 1973 வரை சோவியத்துக் குழுவினருடன் அக்கண்டத்தில் இருந்தவர். நம் ஊரை அடுத்த தும்பாவில் 1970 முதல் பல ஆண்டுகள் வாரந்தோறும் விண்ணில் ஏவப்பட்ட சோவியத்து வானிலை ராக்கெட்டுகளை அன்பர்களில் மூத்தோர் கண்டிருப்பார்கள். அதே இன ராக்கெட்டுகள் பனிக்கண்டத்து மொலோதியோழ்னயா நிலையத்திலிருந்தும் ஏவப்பட்டன; அப்பணியின் பொருட்டே அவர் சென்றார். இந்திய நாடு தன் பெயரில் அனுப்பிய முதற்குழுவோ டாக்டர் செய்யது ஜகூர் காசிமின் தலைமையில் இருபத்தொருவராக 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9ஆம் நாள் அங்கே இறங்கிற்று. ஆக, ‘முதல்’ என்றால் கண்டத்தில் கால் வைத்த முதலா, துருவப் புள்ளியில் நின்ற முதலா, நீண்ட நாள் தங்கிய முதலா, நாட்டின் கொடியோடு சென்ற முதலா? கேட்பவர் இதைச் சொல்லாதவரை, இரண்டு புத்தகமும் சண்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். சிறுவனிடம் எல்லாப் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். போட்டியில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனி, அந்தப் பனிக்கண்டத்தை முதலில் கண்ணால் கண்டவர் யார் என்பதும் ஒரு வழக்கு. ரஷ்யக் கடற்படைத் தலைவர் பெல்லிங்ஸ்ஹவுசன் 1820 ஜனவரி இறுதியில் கண்டார். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்ஸ்பீல்டு அதே ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் கண்டார். ரஷ்யர் கண்டது 27ஆம் நாளா, 28ஆம் நாளா என்பதிலும் ஐயம். ஏனெனில் ரஷ்யர் அக்காலத்தில் பழைய நாட்காட்டியைக் கையாண்டனர்; அது மேனாட்டுப் புதுக் கணக்குக்குப் பன்னிரண்டு நாள் பின்தங்கியது. போதாக்குறைக்குக் கப்பலோட்டிகளின் நாள் நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில் தொடங்கும் வழக்கமும் இருந்தது. மேலும், அவர் கண்டது கடல்மேல் நீண்டு கிடந்த பனிப்பாறை விளிம்பு. அதைக் கண்டத்தோடு சேர்த்து எண்ணுவதா வேண்டாவா? இவற்றையெல்லாம் படிக்கும்போது எமக்கு நம் வீட்டுப் பஞ்சாங்கமே நினைவுக்கு வந்தது. நமக்கு ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. இங்குள்ள அண்டை வீட்டாருக்குச் சிங்ஙத்தில் பிறக்கிறது. ஒரே நாளை இரண்டு பெயரால் அழைத்து வாழ்ந்து பழகிய நமக்கு, இந்தக் குழப்பம் அந்நியமானதன்று.

கண்டத்தில் முதலில் கால் வைத்தவர் யார் என்ற வழக்குத்தான் எல்லாவற்றினும் சுவையானது. 1895 ஜனவரி 24ஆம் நாள், நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு சிறு படகு அடேர் முனைக்குச் சென்றது. கப்பலின் பெயரே ‘அண்டார்டிக்’. படகில் தலைவர் கிறிஸ்டென்சன் இருந்தார். பயணத்தை ஏற்பாடு செய்த புல் இருந்தார். போர்ச்கிரெவிங்க் என்னும் ஆர்வலர் இருந்தார். நியூசிலாந்தில் கப்பலேறிய துன்செல்மன் என்னும் இளைஞனும் இருந்தான். படகு கரையைத் தொடும் தறுவாயில் முகப்பில் இருந்த தாமே முதலில் இறங்கியதாகத் தலைவர் சொன்னார். தாம் பக்கவாட்டில் தண்ணீரில் குதித்து முந்திக்கொண்டதாகப் போர்ச்கிரெவிங்க் சொன்னார். தலைவர் கால் நனையாமல் இறங்குவதற்காகப் படகைப் பிடித்துக்கொள்ளத் தான் முன்னே குதித்ததாக அந்த இளைஞன் சொன்னான். எம்மைக் கேட்டால் இளைஞனின் சொல்லையே நம்புவோம். படகு கரையடையும்போது யாராவது ஒருவர் முன்னே குதித்துப் பிடித்தாக வேண்டும். அவர் தலைவராக இருப்பதில்லை. பூந்துறைக் கரையில் ஒரு காலை நின்று பார்த்தவர்க்கு இது விளங்கும். மூவரும் தமக்குள் வழக்காடியது ஒருபுறம் இருக்க, 1821 பிப்ரவரி 7ஆம் நாளே ஜான் டேவிஸ் என்னும் கடல்நாய் வேட்டைக்காரரின் ஆட்கள் அக்கண்டத்தில் இறங்கியிருக்கலாம் என்று காட்டும் கப்பற் குறிப்பு ஒன்று நெடுங்காலம் எவரும் கவனியாமல் கிடந்தது. அவர்களுக்கு வேண்டியது கடல்நாய்த் தோல், புகழன்று. தோல் கிடைக்கும் இடத்தை ஊரறியச் சொல்லுவாரும் உண்டோ?

பியரியின் கதைக்கு வருவோம். துருவத்துக்கு ஏறக்குறைய 245 கிலோமீட்டர் இருக்கும்போது, கணக்குப் பார்த்து இடம் குறிக்கவல்ல கப்பல் தலைவர் பார்ட்லெட்டை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பின் சென்றவர்கள் அறுவர்: பியரி, அவருடைய நெடுநாள் துணைவரான கறுப்பின வீரர் மாத்யூ ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வியா என்னும் நான்கு எஸ்கிமோக்கள் (அம்மக்களை இன்யுவிட் என்றே இப்பொழுது அழைப்பர்). பியரியின் கணக்கைச் சரிபார்க்கவல்லவர் ஒருவருமில்லை. சாட்சி திரும்பிய அன்றிலிருந்து அவர் சொல்லும் நாள்நடையோ முன்னையதைவிடப் பெரிதும் கூடிவிட்டது. குக்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தம் கருவிகளும் குறிப்புகளும் கிரீன்லாந்தில் ஒருவரிடம் விட்டுவந்தவை என்றார். அவற்றைத் தம் கப்பலில் ஏற்றப் பியரி இசையவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1909 டிசம்பரில் குக் மெய்ப்பிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. பியரிக்கு 1911இல் அமெரிக்க நாட்டு மன்றம் உயர்பதவி அளித்தது. ஆயினும் அவருடைய நாட்குறிப்பை, 1980களில் குடும்பத்தார் இசைவோடு ஆராய்ந்த வாலி ஹெர்பர்ட், துருவத்தில் இருந்ததாகச் சொல்லும் நாட்களின் பக்கங்கள் வெறுமையாய் இருக்கக் கண்டார். ‘துருவம் எய்தினோம்’ என்ற செய்தி தனித் தாளில் செருகப்பட்டிருந்தது. பியரி துருவத்தை எட்டவில்லை என்பது அவர் முடிவு. வேறொரு குழு அதே 1989இல் பியரி எட்டினார் என்றே முடிவு கூறிற்று. இதில் ஒரு நுட்பமும் உண்டு: பியரி எட்டவில்லையென்றால், 1969 ஏப்ரல் 6ஆம் நாள் நாய்வண்டியோடு நடந்து துருவம் சேர்ந்த ஹெர்பர்ட்டின் புகழ் உயர்கிறது. நடுவரும் வழக்காளிகளில் ஒருவர்தாம்!

ஹென்சன் பின்னாளில் நியூயார்க்குச் சுங்க அலுவலகத்தில் எளிய ஊழியராக வாழ்ந்து 1955இல் மறைந்தார். 1988 ஏப்ரல் 6ஆம் நாள்தான் அவருடைய உடல் ஆர்லிங்டன் வீரர் இடுகாட்டில், பியரியின் அருகே, மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அந்த நான்கு எஸ்கிமோக்களை முதல்வர் என எவர் சொன்னார்? பனியில் வீடு கட்டியவர்கள், நாய்களை ஓட்டியவர்கள், வெடிப்பு எங்கே என்று காலால் அறிந்தவர்கள் அவர்கள்தாம்.

தென்துருவத்திலோ ஒரு வியப்பு நிகழ்ந்தது. 1911 டிசம்பர் 14ஆம் நாள் அமுண்ட்சனும் நால்வரும் அங்கே சேர்ந்தபோது, கொடிக்கம்பத்தை ஐவரும் சேர்ந்து பிடித்து நாட்டினார்கள். கணக்கில் பிழை இருக்கலாம் என்று கருதி மூன்று திசையிலும் பல கல் தொலைவு ஆட்களை அனுப்பித் துருவத்தை வளைத்தார்கள். ஒரு சிறு கூடாரம் அடித்து, தம் அரசருக்கு எழுதிய கடிதம் ஒன்றை அதில் வைத்து, அதைச் சேர்ப்பிக்குமாறு பின்னே வரும் ஸ்காட்டுக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்தார் அமுண்ட்சன். 1912 ஜனவரி 17ஆம் நாள் ஸ்காட் வந்தார். மறுநாள் கூடாரத்தைக் கண்டார். தோல்வியின் சான்றைத் தாமே எடுத்துக்கொண்டு திரும்பினார். வழியில் அவரும் துணைவர் நால்வரும் மாண்டனர். நவம்பரில் ஸ்காட்டின் இறுதிக் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது, அக்கடிதம் அங்கே பத்திரமாக இருந்தது. எதிராளியின் வெற்றிக்குரிய ஓலையைச் சாகும்வரை எறியாமல் வைத்திருந்தாரே, அந்த மனிதரை எண்ணி அன்றிரவு நெடுநேரம் உறக்கம் கொள்ளவில்லை யாம்.

இக்கதையை அடுத்த ஞாயிறு வகுப்பில் சொன்னோம். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற ஐவரிடமும் சொல்லியிருக்கின்றனர். அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கின்றனர். நாலைந்து நாள் கழித்து மளிகைக் கடை வீட்டு ஆச்சி ஆள் விட்டு அழைத்தார். “அவங்க காட்டினா என்ன, காட்டாட்டி என்ன? எங்க வீட்டுச் சாதகத்தை நான் காட்டுதேன்” என்று பெட்டியைத் திறந்தார். அக்குடும்பம் வரும் வழியில், நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சத்திரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் சாதகம் அது. தாது ஆண்டு, பங்குனி மாதம், 11ஆம் நாள். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் பெரும் பஞ்சத்தின் நடுப்பகுதி. இரயில் திருவனந்தபுரத்துக்கு 1918இல்தான் வந்தது. அவர்கள் வந்ததோ ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மாட்டு வண்டியில்.

இதைக் கேள்வியுற்றதும் பாத்திரக் கடை அண்ணாச்சியும் தம் ஓலையை எடுத்து வந்தார். சாலையில் ஒரு கடை அறையை வாடகைக்குப் பிடித்த ஓலை. கொல்லம் 1052, மீன மாதம் என்று எழுதியிருந்தது. நாளெழுதிய இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. கொல்லம் ஆண்டு மலையாளத்தாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. நெல்லைச் சீமைக் கல்வெட்டுகளிலும் அது வழங்கியுள்ளது. பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்கிட்டோம். தாது ஆண்டுப் பங்குனியும் 1052 மீனமும் ஒரே மாதம்: 1877 மார்ச்சு நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. ஐந்து தலைமுறையாக ஒருவர் தாது என்றும் மற்றவர் 1052 என்றும் வாதிட்டது இந்த ஒரே மாதத்தைப் பற்றித்தான். ஒரு வீட்டார் காட்டாத சீட்டை மற்ற வீட்டார் எவ்வாறு கணக்கிடுவர்?

அண்ணாச்சி ஓலையின் ஓட்டையை நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தம் பாட்டனார் வந்த வண்டியைப் பற்றிச் சொன்னார். ஒற்றைக் கொம்பு மயிலைக் காளை பூட்டிய வண்டியாம். இதே ஒற்றைக் கொம்பு மயிலையை ஆச்சியும் சொல்லியிருந்தார். ஒரே நடையில் வந்தனரோ, இரு நடையில் வந்தனரோ, வண்டி ஒன்று, ஓட்டியவரும் ஒருவர். வலியசாலைக்கு வழி தெரிந்த மனிதர் அவர். ஆகவே அதற்கு முன்னும் வந்து போனவர். அவர் பெயரென்ன என்று இரு வீட்டிலும் கேட்டோம். “வண்டிக்காரர்ன்னுதான் சொல்லுவாங்க” என்றார் அண்ணாச்சி. ஆச்சி சிறிது யோசித்து, “எங்க மாமியார் அவரைப் பணகுடிக்காரர்ன்னு சொல்லிக் கேட்டிருக்கேன்” என்றார். அவ்வளவே கிடைத்தது.

மலரில் மாதத்தை இரு கணக்கிலும் எழுதி, அதன் கீழ் இரு குடும்பத்தையும் ஒரே வரியில் சேர்த்து, அதற்கு மேலே ‘பணகுடிக்காரர் வண்டி’ என்று அச்சிடக் கொடுத்திருக்கிறோம். ஐந்து பிள்ளைகளில் மூவர் வகுப்புக்குத் திரும்பியிருக்கின்றனர். மூத்தவர் இருவருக்கும் அந்த நேரத்தில் டியூஷன் என்று சொல்கிறார்கள். குத்துவிளக்கை ஏற்றுவது பற்றி வரும் மாதக் கூட்டத்தில் பேச வேண்டும்.